தாய்ப்பால் பம்ப்: யாருக்கு எது பொருந்தும்

மார்பகத்தில் பால் ஒரே பையில் சேர்ந்து நிற்பதில்லை. நுண்ணறைகள் எனப்படும், வெறும் கண்ணுக்குப் புலப்படாத குமிழ்களில் அது சுரந்து அவற்றிலேயே தங்குகிறது. அங்கிருந்து மெல்லிய நாளங்கள் வழியாகக் காம்புக்கு வருகிறது. லண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் 1840இல் வெளியிட்ட உடற்கூற்று நூலின் படங்களை ஒட்டி எழுதப்பட்ட பாடநூல்கள், காம்புக்குப் பின்னால் பால் தேங்கும் சிற்றறைகள் இருப்பதாக நூறாண்டுக்கு மேலாகச் சொல்லிவந்தன. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாலூட்டும் தாய்மாரை அல்ட்ராசவுண்ட் கருவியால் ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட முடிவுகளில் அப்படி எந்த அறையும் இல்லை. காம்பை எட்டும் முதன்மை நாளங்களும் பாடநூல்கள் சொன்ன 15 முதல் 20 அல்ல, சராசரியாக 9தான்.

பம்ப் வாங்கப் போகிறவருக்கு இந்தச் செய்தி நேரடியாகப் பயன்படும். தேங்கி நிற்கும் பால் இல்லாதபோது உறிஞ்சி எடுக்க அதிகம் ஒன்றுமில்லை. குழந்தை சப்பும்போது காம்பின் நரம்புகள் மூளைக்குத் தகவல் அனுப்ப, பிட்யூட்டரி சுரப்பி ஆக்சிடோசினை வெளிவிடுகிறது. அது நுண்ணறைகளைச் சுற்றியுள்ள தசைச் செல்களைச் சுருங்க வைக்கிறது. பால் நாளங்களுக்குள் தள்ளப்படுகிறது. பால் இறங்குவது என்று தாய்மார் சொல்வது இதைத்தான். ஒருமுறை இறங்கினால் ஓரிரு நிமிடம் ஓட்டம் இருக்கும், பிறகு தணியும், சற்று நேரத்தில் மீண்டும் இறங்கும். ஒரே பாலூட்டலில் பல முறை இப்படி நடக்கிறது. பெரும்பாலான தாய்மார் முதல் இறக்கத்தை மட்டும் உணர்கிறார்கள். பலர் அதையும் உணர்வதில்லை. பால் இறங்காத நிலையில் எந்தப் பம்பைப் பொருத்தினாலும் சில மில்லிலிட்டருக்கு மேல் வராது.

ஆகவே பம்ப் பாலை இழுத்து வெளியேற்றும் கருவி என்று கருதுவது பாதிதான் சரி. முதலில் அது குழந்தையைப் போல நடித்து உடலை நம்ப வைக்க வேண்டும். இறங்கிய பாலைப் பிறகுதான் வாங்கிக்கொள்ள முடியும். வலியும் பதற்றமும் ஆக்சிடோசினைத் தடுப்பவை. இழுவிசை கூடக் கூடப் பால் கூடும் என்று எண்ணிக் குமிழைக் கடைசிவரை திருகுகிற தாய்க்கு வலி வந்து பால் குறைவது இதனால்தான்.

அட்டைப்பெட்டிகளில் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது இந்த இழுவிசைதான். மில்லிமீட்டர் பாதரசம் என்ற அலகில் அதைக் குறிப்பார்கள். நன்றாகச் சப்பும் குழந்தையின் வாயில் ஏற்படும் உச்ச வெற்றிடம் சராசரியாக 145 அளவில் இருப்பதாக அதே ஆஸ்திரேலியக் குழு அளந்திருக்கிறது. வீட்டு மின்பம்புகள் பலவும் 250 வரை போகின்றன. 300ஐத் தாண்டுவதாக விளம்பரம் செய்பவையும் உண்டு. தாய்மார் வலியில்லாமல் தாங்கும் உச்ச அளவு சராசரியாக 190ஐ ஒட்டியே இருக்கிறது, ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுகிறது. ஒவ்வொரு தாயும் தனக்கு உறுத்தாத அளவில் மிக உயர்ந்ததை வைத்துக்கொண்டால் போதும். அதற்கு மேலுள்ள எண்ணுக்குக் கொடுக்கும் பணம் வீண்.

எண்ணைவிட முக்கியம் தாளம். குழந்தை முதலில் வேகமாக, நொடிக்கு ஏறக்குறைய இரண்டு முறை, ஆழமில்லாமல் சப்பும். பால் வாயில் நிறைந்ததும் நொடிக்கு ஒரு முறை என்று நிதானித்து விழுங்கத் தொடங்கும். நல்ல மின்பம்புகள் இந்த இரு கட்டங்களையும் பின்பற்றுகின்றன. தொடக்கத்தில் நிமிடத்துக்கு 100 முதல் 120 வரையான மெல்லிய இழுப்பு. பால் இறங்கியதும் நிமிடத்துக்கு 60க்கு அருகில் ஆழமான இழுப்பு. வேகத்தையும் விசையையும் தனித்தனியே மாற்ற முடிகிற பம்ப், இரண்டையும் ஒரே பொத்தானில் இணைத்துவிட்ட பம்பைவிட உதவும். பால் இறங்க நேரமாகும் தாய்க்கு வேகத்தைக் கூட்டி விசையைக் குறைக்க வேண்டியிருக்கும். ஒரே பொத்தான் அதற்கு இடம் கொடுக்காது.

இந்த அறிவு ஒரே நாளில் வரவில்லை. அமெரிக்காவில் 1854இலேயே மார்பகப் பம்புக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. 1920களில் மின்பம்பு ஒன்றை வடிவமைத்தவர் எட்வர்ட் லாஸ்கர் என்ற பொறியாளர். அக்காலப் பம்புகள் மாட்டுப்பண்ணைக் கருவிகளின் வழியில் இழுப்பதையே முதன்மையாகக் கொண்டிருந்தன; காம்பில் காயம் சகஜம். சுவீடன் பொறியாளர் ஐனார் எக்னெல் 1950களில் வெற்றிடத்துக்கு உச்ச வரம்பு வைத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் இடையில் ஓய்வு கொடுத்தபோதுதான் மருத்துவமனைகளுக்கு நம்பிக்கையான கருவி கிடைத்தது. தோளில் மாட்டிக்கொண்டு அலுவலகம் போகக்கூடிய வீட்டு மின்பம்புகள் 1990களின் வரவு. உள்ளாடைக்குள் பொருத்தும் கம்பியில்லாப் பம்புகள் 2010களின் பிற்பகுதியில் வந்தவை.

கடையில் எது சிறந்தது என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது, தாயும் சேயும் நாளில் எத்தனை மணி நேரம் பிரிந்திருக்கிறார்கள், பிரியும்போது குழந்தையின் வயது என்ன என்பதே. விலை, பிராண்டு, வசதி எல்லாம் இதற்கு அடுத்தவை. மார்பகம் கேட்ட அளவுக்குச் சுரக்கும் உறுப்பு. பால் வெளியேறினால் உற்பத்தி கூடுகிறது, தங்கினால் குறைகிறது. குழந்தை நாள் முழுவதும் அருகில் இருந்தால் கேட்பதற்கு அது இருக்கிறது. குழந்தை இல்லாதபோது கேட்கும் வேலையைப் பம்ப் எவ்வளவு ஏற்க வேண்டியிருக்கிறதோ அந்த அளவுக்கு அது திறமையானதாக இருக்க வேண்டும்.

குழந்தை உடனிருந்து நன்றாகச் சப்பிக் குடிக்கிறது, எடை கூடுகிறது என்றால் பம்ப் தேவையில்லை. பிரசவத்துக்கான பட்டியலில் தொட்டில், துணிகளோடு பம்பையும் சேர்த்து முன்கூட்டியே வாங்கி வைப்பது இப்போது வழக்கமாகிவருகிறது. அவற்றில் பல பிரிக்கப்படாமலே பரணுக்குப் போகின்றன. மூன்றாம் நான்காம் நாளில் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாக இறுகும்போதும், எப்போதாவது ஒருவேளைப் பாலை எடுத்து வைக்க வேண்டியபோதும் கையே போதும். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் காம்பிலிருந்து 3, 4 செ.மீ. தள்ளி எதிரெதிரே வைத்து, முதலில் நெஞ்சுக்கூட்டை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விட வேண்டும். தோலின்மேல் விரல் வழுக்கக் கூடாது, காம்பை இழுக்கக் கூடாது. விரல்களின் இடத்தை மாற்றி மாற்றிச் சுற்றிலும் இதைச் செய்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் பால் சொட்டத் தொடங்கிப் பிறகு பீறிடும்.

கையால் பீய்ச்சுவதைப் பழைய காலத்து வழி என்று ஒதுக்கக் காரணம் இல்லை. பால் எடுக்கும் முறைகளை ஒப்பிட்ட பரிசோதனைகளைத் தொகுத்து காக்ரேன் அமைப்பு 2016இல் வெளியிட்ட மதிப்பாய்வு, கையால் எடுப்பது, மார்பை இதமாகச் சூடாக்குவது, நீவிவிடுவது, மனத்தைத் தளர்த்தும் இசை கேட்பது, மலிவான பம்ப் போன்றவை பெரிய மின்பம்புகளுக்கு ஈடாகவோ சில வேளை மேலாகவோ பலன் தரலாம் என்று கண்டது. முதல் இரண்டு மூன்று நாட்களின் சீம்பாலுக்கு இது இன்னும் பொருந்தும். சீம்பால் கெட்டியானது, அளவிலும் சொற்பம்; பம்பின் புனலிலும் குழாயிலும் ஒட்டிக்கொண்டே பாதி போய்விடும். கையால் எடுத்து ஒரு கரண்டியிலோ ஊசிக்குழலிலோ பிடித்தால் ஒரு துளியும் வீணாகாது.

இதற்கு நேர் எதிர் முனையில் இருப்பவர், குறைமாதத்தில் பெற்று, குழந்தையைப் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் விட்டிருக்கும் தாய். அவருடைய குழந்தைக்குச் சப்பும் வலிமை இல்லை. வாரக்கணக்கில் வராமலும் போகலாம். சுரப்பை உண்டாக்கி நிலைநிறுத்தும் முழுப் பொறுப்பும் பம்பின் மேல் விழுகிறது. இங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது. பலர் மாறி மாறிப் பயன்படுத்தும் வகையில் வடிவமைக்கப்பட்ட, இரு மார்பிலும் ஒரே நேரத்தில் எடுக்கும், மருத்துவமனைத் தரப் பம்ப் தேவை. பிரசவமான சில மணி நேரத்துக்குள் தொடங்கி, நாளுக்கு எட்டு முறைக்குக் குறையாமல், இரவிலும் ஒருமுறையாவது எடுக்க வேண்டும். இதை விலைக்கு வாங்கத் தேவையில்லை. மருத்துவமனையிலேயே பயன்படுத்தலாம், பெரிய நகரங்களில் மாத வாடகைக்கும் கிடைக்கிறது. மருத்துவமனைத் தரம் என்ற சொல்லுக்குச் சட்டப்படியான வரையறை எதுவும் இல்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே சொல்கிறது. எனவே பெட்டியில் அச்சிட்ட அந்தச் சொல்லைப் பார்த்து ஏமாறாமல், ஒன்றுக்கு மேற்பட்டோர் பயன்படுத்த ஏற்பு பெற்ற பம்பா என்று கேட்க வேண்டும்.

இத்தகைய தாய்மாருக்குப் பம்போடு கையும் சேர வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜேன் மார்ட்டன் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வில், முதல் மூன்று நாட்களில் பம்போடு நாளுக்கு ஐந்து முறைக்கு மேல் கையாலும் பீய்ச்சி, பிறகு பம்ப் ஓடும்போது மார்பை நீவி அழுத்திவிட்ட குறைமாதக் குழந்தைகளின் தாய்மாருக்கு, எட்டு வாரம் ஆனபின்னும் பால் வரத்து நன்றாக இருந்தது. எடுத்த பாலைக் குழந்தைக்குப் புட்டியில்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. நம் ஊர்ப் பிரிவுகளில் அதற்குப் பாலாடையே பயன்படுகிறது, வீடுகளில் சங்கு. ஆகவே புட்டி, ரப்பர்க் காம்பு, கிருமிநீக்கப் பெட்டி எல்லாம் சேர்ந்த பெரிய தொகுப்புக்கு ஆசைப்படாமல், பம்பை மட்டும் வாங்கினால் போதும். பால் தேவைக்கு மிஞ்சி வரும் தாய்மார் அதைத் தாய்ப்பால் வங்கிக்குக் கொடுக்கலாம். இந்தியாவின் முதல் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் அர்மிடா ஃபெர்னாண்டஸ் முயற்சியில் தொடங்கியது. தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகள் சிலவற்றிலும் இன்று உண்டு.

இந்த இரு முனைகளுக்கும் நடுவே இருப்பவர் வேலைக்குத் திரும்பும் தாய். இவருடைய தேவையை விடுப்பின் நீளம் தீர்மானிக்கிறது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம், முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் கூடிய விடுப்பை 26 வாரமாக்கியது. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம். ஒரு வயதான குழந்தையின் தாய் அலுவலகத்தில் பம்பைத் திறக்க வேண்டிய கட்டாயமே இல்லை. காலையும் மாலையும் இரவும் நேரடியாகக் கொடுத்தால் சுரப்பு நிற்காது. 26 வாரத்தில் திரும்புகிறவரின் குழந்தை அப்போதுதான் திட உணவு தொடங்கும் வயதில் இருக்கும். பகலில் இரண்டு மூன்று முறை எடுத்தால் சமாளிக்கலாம். சொந்தத் தொழில் செய்கிறவரோ, சட்டத்தின் பிடிக்கு வெளியே ஒப்பந்த வேலை பார்க்கிறவரோ இரண்டாம் மாதத்திலேயே திரும்ப வேண்டியிருந்தால் கதை வேறு. அந்த வயதில் பால் மட்டுமே உணவு.

எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதைக் கணக்கிடலாம். முதல் மாதத்திலிருந்து ஆறாம் மாதம்வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை நாளொன்றுக்குச் சராசரியாக 750 முதல் 800 மி.லி. குடிக்கிறது, 480இல் செழிப்பாக வளரும் குழந்தையும் உண்டு, 1,300ஐத் தாண்டுகிறதும் உண்டு. தாய் ஒன்பது மணி நேரம் வெளியே இருந்தால் அந்த நேரத்துக்கு 280 மி.லி. அளவில் வேண்டும். மூன்று முறை எடுத்தால் முறைக்கு 100க்குக் கீழ். இணையத்தில் பிறர் காட்டும் நிறைந்த புட்டிகள் இந்தக் கணக்குக்குப் பொருந்தாதவை. மார்பகத்தின் கொள்ளளவும் தாய்க்குத் தாய் பல மடங்கு மாறுபடுகிறது. குறைந்த கொள்ளளவு உள்ளவர் அடிக்கடி எடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். நாள் முழுதும் சேயின் அருகில் இருந்து இடையே ஒருமுறை பம்ப் வைப்பவருக்கு இரு மார்பிலும் சேர்த்து 60 மி.லி.க்குக் கீழே வந்தாலும் அது இயல்பே.

வேலைக்குப் போகும் தாய்க்கு இரு மார்பிலும் ஒருசேர எடுக்கும் மின்பம்பு ஏற்றது. நேரம் பாதியாகக் குறைகிறது, ஒவ்வொரு மார்பாக எடுப்பதைவிடப் பாலும் சற்றுக் கூடுகிறது. பேட்டரியில் ஓடுவது அவசியம். அலுவலகக் கழிப்பறையில் பால் எடுக்க நேர்ந்தாலும் சரி (அப்படி நேரக் கூடாது), ரயிலில் நேர்ந்தாலும் சரி, சுவரில் மின்செருகி இருக்கும் என்று நம்ப முடியாது. தமிழகப் பேருந்து நிலையங்களில் 2015 முதல் திறக்கப்பட்ட பாலூட்டும் அறைகள் வெளியூர் வேலைக்குப் போய்வருகிறவருக்குக் கைகொடுக்கும். மோட்டார் சத்தத்தையும் வாங்கும் முன்பே ஓடவிட்டுக் கேட்க வேண்டும். மெல்லிய தடுப்புக்கு அப்பால் சக ஊழியர் அமர்ந்திருக்கிறார் என்ற கூச்சமே பால் இறங்காமல் தடுக்கப் போதுமானது. வெளிநாட்டு உறவினர் வாங்கி வரும் பம்பானால் மின்மாற்றியில் 100–240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 120 வோல்ட் மட்டும் என்றிருந்தால் நம் 230 வோல்ட்டில் செருகியதும் கருகும். உதிரி பாகங்கள் இங்கே கிடைக்குமா என்பதும் அப்படியே.

வாரத்துக்கு ஒருமுறை வெளியே போகிற தாய்க்குக் கைப்பிடியை அழுத்தி இயக்கும் பம்ப் போதும். விலை குறைவு, சத்தமில்லை, மின்சாரம் வேண்டாம், தாளம் தாயின் கையிலேயே இருக்கிறது. நாளுக்குப் பல முறை பயன்படுத்தினால் மணிக்கட்டு வலிக்கும். பிரசவத்துக்குப் பின் பல பெண்களுக்குக் கட்டைவிரல் தசைநாண் ஏற்கெனவே வீங்கியிருக்கும் என்பதை மறக்கக் கூடாது. மின்பம்பு வைத்திருப்பவரும் இதில் ஒன்றைப் பையில் போட்டு வைப்பது நல்லது.

மருந்துக்கடைகளில் இன்னும் தொங்கும் ரப்பர் பந்துப் பம்பை, பழைய கார் ஹாரனின் பந்து போன்றதை, வாங்கவே கூடாது. இழுவிசையைக் கட்டுப்படுத்த அதில் வழியில்லை. பந்துக்குள் புகுந்த பாலைக் கழுவவும் முடியாது. அதன் மலிவு விலைக்கு எடை போட்டால் கையே மேல். காம்பு உள்வாங்கியிருக்கும் தாய்க்கு, நுனியை வெட்டிய ஊசிக்குழலில் பிஸ்டனை வெட்டிய பக்கமாகச் செருகித் திருப்பிப் பயன்படுத்தும் முறையைச் செவிலியர் காட்டித் தருவது வேறு விஷயம். அது காம்பை வெளியே கொண்டுவரத்தான். பால் எடுக்க அல்ல.

குழந்தை ஒரு பக்கம் குடிக்கும்போது மறுபக்கம் ஒழுகும் பாலைப் பிடிக்கும் சிலிக்கான் குடுவைகளும் பம்ப் என்ற பெயரில் விற்கின்றன. மோட்டார் இல்லாத இவை ஒரே சீரான மெல்லிய உறிஞ்சலில் ஒட்டிக்கொள்கின்றன. ஒழுக்கு அதிகமுள்ள தாய்க்குப் பயன் உண்டு. வேலைக்குப் போகிறவரின் ஒரே கருவியாக இதை நம்ப முடியாது. உள்ளாடைக்குள் பொருத்தும் பம்புகளின் ஈர்ப்பு வெளிப்படை: கை இரண்டும் வேலைக்குக் கிடைக்கின்றன, குழாய் தொங்குவதில்லை. ஆனால் மோட்டார் சிறியது, புனல் காம்பின் மேல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பல மாடல்களில் பார்க்க முடியாது, குனிந்தால் சிந்துகிறது. சுரப்பு நிலைபெற்ற ஒன்றரை இரண்டு மாதத்துக்குப் பிறகு, இரண்டாவது பம்பாக வாங்கினால் குறையில்லை. குறைமாதக் குழந்தையின் தாய் இதை மட்டும் நம்பி இறங்குவது அபாயம்.

பம்ப் எதுவானாலும், தேர்வில் அதிகம் கவனிக்கப்படாமல் அதிகம் வருத்துவது மார்பில் வைக்கும் புனலின் அளவு. பெரும்பாலான பெட்டிகளில் 24 மி.மீ. புனல்தான் வருகிறது, சிலவற்றில் கூடவே 27 அல்லது 28. காலணியைப் போல எல்லாருக்கும் ஒரே அளவு பொருந்தாது, இரு மார்புக்கும் கூட ஒன்றே பொருந்தாமல் போகலாம். பால் எடுக்கும் முன், காம்பின் அடிப்பகுதியின் குறுக்களவை மி.மீ. அளவுகோலால் அளக்க வேண்டும். கருவட்டத்தை அதில் சேர்க்கக் கூடாது. அளவோடு 3, 4 மி.மீ. கூட்டிப் புனல் வாங்கச் சொல்வது பழைய அறிவுரை. காம்பின் அளவை ஒட்டிய சிறிய புனல் பல தாய்மாருக்கு இதமாக இருக்கிறது, பாலும் குறைவதில்லை என்று அண்மை ஆய்வுகள் காட்டுகின்றன.

சரியான புனலில் காம்பு மட்டும் குழலுக்குள் சென்று தாராளமாக முன்னும் பின்னும் நகரும். கருவட்டத்தின் பெரும்பகுதி உள்ளே இழுபட்டால் புனல் பெரிது. காம்பு சுவரில் அழுந்தி, எடுத்து முடித்ததும் நுனி வெளிறியோ கன்றியோ இருந்தால் சிறிது. பெரிய புனலுக்குள் செருகும் சிலிக்கான் வளையங்கள் 13 மி.மீ. முதல் கிடைப்பதால் புதுப் புனல் வாங்காமலே சோதித்துப் பார்க்கலாம். குறைந்தது மூன்று அளவுகளில் புனல் விற்காத பம்பைத் தவிர்ப்பது நல்லது. முதல் வாரங்களில் காம்பு வீங்கியிருக்கும். ஒரு மாதம் கழித்து மறுபடி அளக்க வேண்டும்.

அடுத்து, பாலும் மோட்டாரும் சந்திக்கக் கூடாது. மூடிய அமைப்புள்ள பம்பில் இரண்டுக்கும் நடுவே ஒரு சவ்வு இருக்கிறது. பால் குழாய்க்குள் ஏறாது. திறந்த அமைப்பில் பால் துளியோ அதன் ஈரமோ குழாய் வழியாக மோட்டாருக்குள் போகலாம். அங்கே பூஞ்சை வளர்ந்தால் கழுவ வழியில்லை. காற்று அதே பாதையில் திரும்பிவருகிறது. அக்காவோ தோழியோ பயன்படுத்திய பம்பை வாங்கிக்கொள்வது நம்மிடையே இயல்பான காரியம். ஒருவருக்கு மட்டும் என்று தயாரிக்கப்பட்ட பம்பைப் பிறர் பயன்படுத்தக் கூடாது என்பதே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் நிலை. பாலின் வழியே பரவக்கூடிய வைரசுகள் ஒரு காரணம். பழைய மோட்டார் தேய்ந்து இழுவிசை இழந்திருக்கும் என்பது இன்னொன்று. மருத்துவமனைப் பம்பை வாடகைக்கு எடுக்கும்போதும் புனல், வால்வு, குழாய் அடங்கிய தொகுப்பு ஒவ்வொருவருக்கும் புதிதாக இருக்க வேண்டும்.

எத்தனை பாகங்களைக் கழற்றிக் கழுவ வேண்டும் என்று எண்ணிப் பார்ப்பதும் தேர்வின் ஒரு பகுதி. அமெரிக்காவில் 2016இல் ஒரு குறைமாதக் குழந்தை குரோனோபாக்டர் என்ற கிருமித் தொற்றால் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அதே கிருமி வீட்டுப் பம்பின் பாகங்களிலும் சமையலறைக் கழுவுதொட்டியிலும் இருந்தது. பாகங்களைச் சோப்பு நீரில் மணிக்கணக்கில் ஊறப்போட்டு வைத்ததும், காயாமல் மூடி வைத்ததும் கிருமி பெருக வழிசெய்திருக்கலாம். அதன் பிறகு அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் தந்த வழிகாட்டுதல் எளிமையானது: ஒவ்வொரு முறை எடுத்தவுடன் பாலில் நனைந்த பாகங்களைப் பிரித்து, இதற்கென்றே வைத்த பாத்திரத்தில் சோப்பும் வெந்நீரும் விட்டுத் தேய்த்து அலசி, துடைக்காமல் காற்றில் உலர்த்த வேண்டும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கும், குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் நாளுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கொதிக்க வைக்கவும் வேண்டும். பாகங்கள் பத்துக்கு மேல் இருக்கும் பம்பை அலுவலகத்தில் மூன்று முறை இப்படிக் கழுவுவது யாராலும் ஆகாது. இரண்டு மூன்று தொகுப்புகள் வைத்திருந்து மாலையில் வீட்டில் கழுவுவதே நடைமுறை.

எடுத்த பால் 25 டிகிரி வரையுள்ள அறையில் நான்கு மணி நேரம் இருக்கும். சென்னையின் சித்திரை மாத அறை அந்த வரையறைக்குள் வராது. உடனே குளிர்விக்க வேண்டும். பனிக்கட்டிப் பைகளோடு கூடிய குளிர்ப்பையில் 24 மணி நேரமும், 4 டிகிரிக் குளிர்சாதனப் பெட்டியின் உட்பகுதியில், கதவில் அல்ல, நான்கு நாளும் தாங்கும். அதனால் பம்ப் வாங்கும் தொகையில் ஒரு பங்கைக் குளிர்ப்பைக்கு ஒதுக்க வேண்டும்.

நல்ல பம்ப் கையில் இருப்பதால் வரும் தொல்லையும் ஒன்று உண்டு. சேய் குடித்து முடித்தபின் மீதியையும் ஒட்ட எடுத்தால் மார்பகம் அதையும் தேவையாக எண்ணி இன்னும் சுரக்கிறது. நாளங்கள் வீங்கிக் கட்டிக்கொள்கின்றன, காய்ச்சல் வருகிறது. முன்பெல்லாம் கட்டியைப் பிசைந்து முழுக்கக் காலி செய்யச் சொன்னார்கள். சர்வதேசத் தாய்ப்பால் மருத்துவக் கழகம் 2022இல் வெளியிட்ட நெறிமுறை அதை மாற்றிவிட்டது: அழுத்திப் பிசையக் கூடாது, கூடுதலாகப் பம்ப் செய்யக் கூடாது, குழந்தைக்கு வழக்கம்போலக் கொடுத்து வீக்கத்துக்குக் குளிர் ஒற்றடம் வைக்க வேண்டும்.

சில மாதங்கள் நன்றாக ஓடிய பம்பில் பால் குறைந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது தாயின் சுரப்பை அல்ல, வால்வை. வாத்தின் அலகு போன்ற அந்தச் சிறு சிலிக்கான் துண்டு, தினமும் பயன்படுத்தினால் ஓரிரு மாதத்தில் தளர்ந்து, வாய் மூடாமல் காற்றை விடுகிறது. அதையும் சவ்வையும் மாற்றி, குழாயில் விரிசல் பார்த்து, புனலை மறுபடி அளந்து, பேட்டரி முழுச் சக்தியோடு இருக்கிறதா என்று சோதித்த பிறகே மற்றக் காரணங்களுக்குப் போக வேண்டும். எடுக்கும் தடவைகள் குறைந்திருக்கலாம், மாதவிடாய் திரும்பியிருக்கலாம், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை தொடங்கியிருக்கலாம், தைராய்டு சுரப்பி சோம்பியிருக்கலாம், மறுபடி கருவுற்றிருக்கவும் கூடும். குழந்தை நாளுக்கு ஆறு முறைக்குக் குறைவாகச் சிறுநீர் கழித்தாலோ, எடை வளர்ச்சி அட்டையின் கோடு ஏறாமல் நின்றாலோ, அடுத்த பம்பைத் தேடும் முன் குழந்தைநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.